லைட் பிடித்த யோகராசாவின் முகம்

சுலோஜனா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் கல்லடியில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கல்யாண வீடியோ எடுக்கிறவள் என்பார்கள் சிலர். ஊர் ஊராகப் போய்ப் பழைய சாமான் சேர்க்கிறவள் என்பார்கள் வேறு சிலர். வாவிக் கரையில் துணி கட்டிப் படம் காட்டி, பார்க்க வந்த பெண்களை அழவைத்து அனுப்புகிறவள் என்று சொன்னவர்களும் உண்டு. அவள் அனுப்பும் விண்ணப்பங்களில் மட்டும் ‘பல்லூடகக் கலைஞர்’ என்று இருக்கும். அந்தச் சொல்லைத் தன் அம்மா கனகேஸ்வரிக்கு ஒருமுறை விளக்கப் பார்த்தாள். படம் கீறுவது, ஒலி பதிவது, வீடியோ எடுப்பது, எல்லாவற்றையும் சேர்த்து ஊராரின் கதையை ஊராரோடு இருந்தே சொல்வது என்று அவள் சொல்லி முடிக்க, லைட் பிடிக்கிறதும் அதற்குள் வருமா என்று அம்மா கேட்டாள். வரும் என்றாள் மகள். அப்படியென்றால் உன் அப்பாவும் அதுதான் என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா யோகராசா, கபூர் காக்கா, அதாவது கபூர் அண்ணன், என்று எல்லாரும் கூப்பிட்ட ஏறாவூர்க்காரரின் வீடியோவுக்கு லைட் பிடித்தவர். எண்பதுகளின் கடைசியில் கல்யாண வீட்டுக்கு வீடியோக்காரர் வந்து இறங்கினால் மாப்பிள்ளை வந்த மாதிரி வரவேற்பு இருக்கும். லைட் பிடிக்கிறவருக்கு அதில் கால்வாசியும் கிடைக்காது. வயரை மிதிக்க வரும் பிள்ளைகளை விரட்டுவதும், தாலி கட்டும் நேரம் பார்த்துக் குறுக்கே வந்து நிற்கும் பெரியம்மாக்களை நகரச் சொல்லி ஏச்சு வாங்குவதும் அவர் பங்கு. தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்று பாராமல் கூப்பிட்ட இடமெல்லாம் இருவரும் போனார்கள். சுலோஜனா தவழத் தொடங்கிய தொண்ணூறாம் ஆண்டில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களில் யோகராசாவும் ஒருவர். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

கனகேஸ்வரி பொட்டை அழிக்கவில்லை. திவசம் செய்யவில்லை. செய்யச் சொல்லி வந்த உறவுக்காரர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆனால் மாலை போடுவதற்கோ போடாமல் விடுவதற்கோ வீட்டில் ஒரு படமும் இருக்கவில்லை. கல்யாண அல்பம் வீட்டோடு எரிந்தது. இடம்பெயர்ந்தபோது சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய ஒரேயொரு சின்னப் படத்தை, சுலோஜனாவுக்கு நினைவு தெரியுமுன்னே, காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்தாள். பிரதி எடுத்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கினார்கள். பிறகு கேட்டுப் போனால் அந்தக் கோப்பே இல்லை என்றார்கள். சொந்தக்காரர் வீடுகளில் இருந்தவற்றைக் கடைசியில் சுனாமி கொண்டுபோனது. ஒரு மனிதன் காணாமல்போன பிறகு அவன் முகமும் தனியாகக் காணாமல்போக முடியும் என்று யார்தான் நினைத்தார்கள்?

ஆகவே சுலோஜனாவுக்கு அப்பாவின் முகம் தெரியாது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவள் அதைக் கீறிப் பார்த்தாள். கீறிக்கொண்டு வந்து காட்டினால் அம்மா வேலையை விட்டுவிட்டுக் கவனமாகப் பார்ப்பாள். நெற்றி இன்னும் அகலம் என்பாள். மூக்கு உன் மூக்குத்தான், ஆனால் கொஞ்சம் நீளம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பாள். அடுத்த மாதம் அதன்படியே கீறிக் காட்டினால் நெற்றி இவ்வளவு அகலமில்லை என்பாள். தன் கைதான் திருந்தவில்லை என்று மகள் நினைத்தாள். உள்ளதைச் சொன்னால் அவள் சித்திரம் படிக்கப் போனதும், பிறகு கமராவைத் தூக்கியதும் இந்த ஒரு முகத்துக்காகத்தான். அதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுத முடியாதென்பதால் அடையாளம், பண்பாட்டு வரலாறு என்று எழுதினாள்.

அந்த வரிசையில் அவள் கடைசியாகத் தொடங்கியதுதான் பழைய கல்யாணக் கசட் சேர்க்கும் வேலை. செட்டிபாளையத்திலிருந்து ஏறாவூர் வரை வீடு வீடாக ஏறி இறங்கினாள். பூஞ்சணம் பிடித்த கசட்டுகளைத் திறந்து துடைத்து, பழைய டெக் ஒன்றில் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினாள். பென் ட்ரைவ் ஒன்றில் போட்டு, கசட்டையும் சேர்த்து வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் சம்மதித்த துண்டுகளை வாவிக் கரையில் துணி கட்டி எல்லாருக்கும் காட்டினாள். கல்லடித் தமிழ்க் கல்யாணத்தில் ஏறாவூர் முஸ்லிம் ஆட்கள் முன்வரிசையில் இருந்து கதை அளப்பதையும், ஏறாவூர்க் கல்யாண வீட்டில் கல்லடிப் பெண்கள் மணப்பெண்ணுக்குப் பூ வைத்துவிடுவதையும் இளசுகள் நம்பாமல் பார்த்தார்கள். வயதானவர்கள் அதைப் பார்க்கவில்லை. பின்னுக்கு நின்றவர்களையும், சோறு போட்டவர்களையும், பந்தல் காலில் சாய்ந்து நின்றவர்களையும் பார்த்தார்கள். தம்பி, மாமா, மச்சான் என்று, செத்தும் காணாமலும் போனவர்களை இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஊர் அழுகிறது என்று பேச்சு வந்தது அப்போதுதான்.

கனகேஸ்வரி ஒவ்வொரு காட்சிக்கும் போனாள். முடிந்து வரும்போது, அப்பா எங்காவது வந்தாரா என்று மகள் கேட்பாள். இல்லை என்பாள் அம்மா. இருக்கவும் முடியாதுதானே? லைட் பிடிக்கிறவன் எப்போதும் லைட்டுக்குப் பின்னால்தான் நிற்பான். யோகராசா கைபட்ட வெளிச்சம் அத்தனை கல்யாணத்திலும் விழுந்து கிடந்தது. அதில் மணப்பெண்களின் மூக்குத்திகள் மின்னின. அவரை மட்டும் எங்கும் காணவில்லை. இது பெரிய அநியாயம் என்று சுலோஜனாவுக்குத் தோன்றியது. யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கபூர் காக்கா உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. தொண்ணூறில் ஏறாவூரில் நடந்த கொலைகளில் அவர் வீட்டு ஆட்களும் செத்தார்கள். மிஞ்சியவர்களோடு பொலன்னறுவைப் பக்கம் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மனைவி மௌத்தான பிறகு, அண்மையில்தான் ஏறாவூருக்கு மகள் வீட்டோடு வந்து சேர்ந்திருந்தார். யோகராசாவைக் கொண்டுபோன சங்கதி அப்போதே தன் காதுக்கு வந்தது என்றார். தன் ஆட்களுக்கே அழுது முடியாத நேரம் என்றார். பிறகு ஒரு பக்கத்து ஆளுக்காக மறுபக்கத்து ஆள் அழுதால் அதையும் குற்றமாகப் பார்த்த காலம் வந்துவிட்டது என்றார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் சுலோஜனாவைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் படம் ஏதாவது உண்டா என்று அவள் கேட்டாள். எல்லாம் எரிந்துவிட்டது என்றார். பிறகு எதையோ யோசித்து, அவள் பக்கம் திரும்பினார்.

"கசட்டுட தலையில பாத்தீங்களா மகள்? ஒவ்வொரு கசட்டுட தலையிலயும் அவன்தான் நிப்பான்."

அந்தக் காலத்துக் கமராவுக்கு வெள்ளை எது என்று முதலில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் மணப்பெண் நீலமாக வருவாள், மாப்பிள்ளை மஞ்சட்காமாலைக்காரன் மாதிரி வருவான். ஆகவே வேலை தொடங்குமுன் யோகராசா தன் வெள்ளை லேஞ்சியை, பெரிய கைக்குட்டையை, விரித்துக் கமராவுக்கு முன்னால் பிடிப்பார். கசட்டின் தொடக்கம் அடிக்கடி சிக்கும் என்பதால் அந்த இடம் வீணாகட்டும் என்று கபூர் பதிவை முதலிலேயே ஓடவிட்டுவிடுவார். லேஞ்சியைப் பிடித்து முடிந்ததும் அதைக் கீழே இறக்கி, காக்காவைப் பார்த்து ஒரு பழிப்புக் காட்டிவிட்டுத்தான் யோகராசா லைட்டுக்குப் போவார். ஒருநாளும் தவறியதில்லை என்று கிழவர் சிரித்தார். சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டார். எதிரே இருந்தவளின் முகம் வெளிறிப்போயிருந்தது.

சுலோஜனாவுக்கு அந்த வெள்ளை தெரியும். ஒவ்வொரு கசட்டின் தொடக்கத்திலும் கோடு கோடாக ஆடி, பிறகு திரை முழுக்க ஒரு வெள்ளை வரும். பழுது என்று நினைத்து அவள் பிள்ளையார் படம் வரும்வரை வேகமாக ஓட்டிவிடுவாள். முஸ்லிம் வீட்டுக் கசட் என்றால் பிஸ்மில்லாஹ் எழுத்து வரும்வரை. ஏற்றியதில் தலையையும் வாலையும் வெட்டுவது வீடியோ வேலை செய்கிற எல்லாருக்கும் கைப்பழக்கம். பல் தீட்டுகிற மாதிரி, யோசிக்காமல் செய்கிற காரியம். கணினியில் இடம் போதாமல் வெட்டிய துண்டுகளை அன்றன்றே அழித்துமிருந்தாள். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். அப்பாவின் முகத்தைத் தன் கையாலேயே திரும்பத் திரும்ப வெட்டி எறிந்துகொண்டிருந்தவள் யாரோடு சண்டை போடுவது?

கசட்டுகளைத் தேடி மறுபடியும் அதே வீடுகளுக்கு ஓடினாள். சிலர் குப்பையோடு எரித்துவிட்டார்கள். சிலர் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்கள். திவாகரன் என்பவரின் அக்கா கல்யாணக் கசட் செட்டிபாளையத்து வீட்டில் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கும் தன் வயல் வட்டைக்கு அவர் அவளைக் கூட்டிப் போனார். கதிர் பால் பிடிக்கும் நேரம். குருவிக்குப் பயம் காட்ட வயல் முழுக்கத் தடி நட்டு, தடிக்குத் தடி அந்தக் கசட்டின் கறுப்பு நாடாவை இழுத்துக் கட்டியிருந்தார். காற்றுக்கு அது மின்னி மின்னி இரைந்துகொண்டிருந்தது. நீங்கள்தானே பென்னில் போட்டுத் தந்தீர்கள், பிறகு கசட் என்னத்துக்கு என்று நினைத்துவிட்டோம் என்று அவர் தலையைச் சொறிந்தார். அவரில் ஒரு பிழையும் இல்லை. நாடாவின் தொடக்கம் எந்தத் தடியில் இருக்கிறது என்று சுலோஜனா கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து முறுகிய நாடாவில் இனி ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வரம்பில் இறங்கி, ஒரு தடியிலிருந்து மற்றத் தடிக்கு நாடாவைக் கையால் தடவிக்கொண்டு நடந்தாள். திவாகரன் பின்னால் வந்தார்.

மிஞ்சியது ஒரே ஒரு கசட். அது ஏறாவூரில், சபூரா ராத்தாவிடம் இருந்தது. முதலில் கேட்டுப் போனபோது அவர் முடியாது என்று கதவைச் சாத்தியவர். அது அவருடைய சொந்தக் கல்யாணம். அந்தக் காலத்தில் பெண்கள் சாரி கட்டி, முந்தானையைப் பாதித் தலைக்குப் போட்டுக்கொண்டு சிரித்துப் பேசித் திரிந்தார்கள். இன்று அதை வெளியாட்கள் பார்ப்பதில் அவர் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. அவருக்கும் இல்லை. அவரைப் போலப் பிடிவாதக்காரர்களால்தான் திட்டம் நொண்டுகிறது என்று சுலோஜனா அப்போது எரிச்சல்பட்டிருந்தாள். அந்தப் பிடிவாதத்தால்தான் இந்தக் கசட்டின் தலை அவள் கத்திக்குத் தப்பியிருந்தது.

கபூர் காக்காவே கூட வந்து விஷயத்தைச் சொன்னார். சபூரா எழுந்து உள்ளே போய்க் கசட்டை எடுத்து வந்தார். நிபந்தனை ஒன்றுதான். தலையை மட்டும் பார்க்கலாம், அதற்கு அங்கால் ஒரு பெண் முகமும் வரக்கூடாது. சுலோஜனா டெக்கையும் கணினியையும் அந்த வீட்டுக்கே கொண்டுவந்தாள். கசட்டைக் கழற்றிப் பஞ்சால் துடைத்தாள். சபூரா டெக்கின் பக்கத்தில் இருந்து, நிறுத்துகிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டார்.

கோடுகள் ஆடின. வெள்ளை வந்தது. பூஞ்சணம் குரலைத் தின்றுவிட்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லை. வெள்ளை கொஞ்சம் பின்னுக்குப் போக, அது ஒரு லேஞ்சி என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கைகள். பிறகு லேஞ்சி இறங்கியது. மெலிந்த, மீசை சரியாக முளைக்காத ஓர் இளைஞன் கமராவுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்து மூக்கைச் சுருக்கி, நாக்கை நீட்டி, தன் பழிப்புக்குத் தானே சிரித்தான். லேஞ்சியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒருபக்கமாக நடந்து மறைந்தான். பிஸ்மில்லாஹ் வருமுன் சபூரா பொத்தானை அமத்திவிட்டார்.

யோகுதான் என்றார் கபூர் காக்கா. தனக்கு லைட் பிடித்தது அவன் ஒருத்தன்தான், சந்தேகமே இல்லை என்றார். தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, அன்றைக்கு அழாத அழுகையை அங்கே அழுதார். சபூராவும் அழுதார். சுலோஜனாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. தன்னைவிட எவ்வளவோ சின்னவனாக இருந்த அந்த முகத்தில் அவள் அம்மா சொன்னவற்றைத் தேடினாள். மூக்கு நீளமில்லை. அது அவளுடைய மூக்கே இல்லை, கட்டையான இன்னொரு மூக்கு. கன்னத்தில் குழியும் விழவில்லை. பூஞ்சணம் பிடித்த நாடாவில் சரியாகத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். கடைசியில் ஒன்றும் சொல்லாமல் காட்டுவது என்று முடிவெடுத்தாள். அம்மா தானாகக் கண்டு, தன் வாயால் ‘இவர்தான்’ என்று சொல்லவேண்டும். இத்தனை காலம் இல்லை இல்லை என்று சொன்ன வாய்க்கு அந்தச் சந்தோசமாவது கிடைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில்தான் நாம் ஒருவரை ஒருவர் கொல்கிறோம்.

கனகேஸ்வரி முற்றத்தில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். பார்த்தாள். லேஞ்சி இறங்கியது, இளைஞன் பழிப்புக் காட்டினான், போனான். கனகேஸ்வரியின் முகம் மலர்ந்தது.

"ஆரு புள்ள இந்தப் பொடியன்? நல்ல பகிடிக்காரனா இரிக்கான்."

சுலோஜனா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தாள். திரையில் நின்றுபோயிருந்த வெறும் சுவரைப் பார்த்தாள். மறுபடி மகளைப் பார்த்தாள். அந்த மலர்ச்சி அவள் முகத்திலிருந்து மெதுமெதுவாக இறங்கியது. கை தன்பாட்டில் எழும்பி நெற்றிப் பொட்டைத் தொட்டுவிட்டு மடியில் விழுந்தது. வெளியே காகம் நெத்தலிக்கு வந்திருந்தது. இருவரும் எழும்பவில்லை.

பிறகு அம்மா சொன்னாள். அவர் முகம் மறந்து கனகாலம் என்று சொன்னாள். படம் கையில் இருந்தவரை அவள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கொடுத்துவிட்டு வந்த கொஞ்ச நாளில், படுத்திருந்து நினைத்துப் பார்த்தால் நெற்றி வந்தது, கண் வரவில்லை. சட்டை வந்தது, வாய் வரவில்லை. ஒருநாள் ஒன்றுமே வரவில்லை. யாரிடம் சொல்ல முடியும்? அவருக்காகவென்று பொட்டோடு இருக்கிறவள், அவர் முகம் தெரியாதென்று எந்த வாயால் சொல்வாள்? மகள் ஆசையோடு கீறிக்கொண்டு வந்து நிற்கும்போது ஏதாவது சொல்லத்தான் வேண்டியிருந்தது. மகளின் மூக்கைப் பார்த்து மூக்கைச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பையனின் கன்னத்தைப் பார்த்துக் குழியைச் சொன்னாள். சொன்னதைப் பிறகு தானே நம்பியும் விட்டாள். வாவிக் கரையில் படம் பார்த்த நாட்களில், அவர் திரையில் வந்துவிடக்கூடாதே என்றும் நேர்ந்துகொண்டாளாம். வந்தால் தனக்குத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சுலோஜனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிலொன்றும் இல்லை, எவ்வளவு வருசம், யாருக்கும் மறக்கும்தானே என்று சொன்னாள். தன் காதுக்கே அது ஒப்புக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

"அதில்ல புள்ள," என்றாள் கனகேஸ்வரி. "கொண்டுபோனவங்க அவர விட்டிருந்தா? புத்தி பேதலிச்சு, தாடி வளந்து, இந்த ரோட்டால வந்திருந்தா? நான் கேற்றடியில நிண்டு எத்தின பேரப் பாத்திரிப்பன். அதில ஒராள் அவரா இருந்திருந்தா? நான் விலகி நிண்டு வழி விட்டிரிப்பன் புள்ள."

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கதிரையைக் கிட்ட இழுத்தாள்.

"கபூர் காக்கா இவர்தான் எண்டு நிச்சயமாச் சொன்னவரா?"

"ஓம் அம்மா."

"அப்ப திரும்பப் போடு. நான் இந்த முகத்தப் பாடமாக்க வேணும்."